சென்னை – சிங்கப்பூர் விமானப் பயணம்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர், முதல் வேலைக்குக் கிளம்பும் இளைஞர்கள், அங்கிருந்து ஊருக்கு வந்து போகிறவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேட்டவர்களின் வார்த்தைகளை மாற்றவில்லை. எளிய கேள்விகள் முதலில் வரும், சிக்கலானவை போகப் போக வரும்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் எத்தனை கிலோமீட்டர்?

மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து சாங்கி விமான நிலையம் வரை வான்வழியாகச் சுமார் 2,920 கி.மீ. பூமியின் மேற்பரப்பில் இந்த இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம் இது. சென்னை – டெல்லி சுமார் 1,760 கி.மீ. என்பதோடு ஒப்பிட்டால், அதைப்போல ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகம்.

அந்தக் கோட்டை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். சென்னையில் கடலில் இறங்கும் கோடு வங்காள விரிகுடாவைக் குறுக்காகக் கடந்து, கிரேட் நிக்கோபார் தீவின் தென்கோடியான இந்திரா முனைக்குச் சற்றுத் தெற்கே போகும். பிறகு சுமத்ராவின் வடமுனையில் உள்ள பண்டா ஆச்சே, மலாக்கா நீரிணை, கோலாலம்பூர் விமான நிலையத்தின் பக்கம் என்று போய்ச் சிங்கப்பூரைத் தொடும்.

ஒரு வெப்சைட்ல 1,815 மைல்னு இருக்கு, இன்னொண்ணுல 1,577னு இருக்கு. எது சரி?

இரண்டும் சரி. முதலாவது சாலையில் நாம் சொல்லும் மைல், ஒரு மைலுக்கு 1.609 கி.மீ. இரண்டாவது கடல் மைல், ஒன்றுக்கு 1.852 கி.மீ. விமானிகளும் விமானக் கட்டுப்பாட்டு நிலையங்களும் கடல் மைலில்தான் பேசுவார்கள். வேகத்தைச் சொல்லும் 'நாட்' என்பதும் மணிக்கு ஒரு கடல் மைல்தான்.

எந்த மைல் என்று போடாமல் எண்ணை மட்டும் கொடுக்கும் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. கிலோமீட்டராக மாற்றிப் பாருங்கள். 2,920-க்கு அருகில் வந்தால் கணக்கு சரி.

போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும்?

நேரடி விமானம் என்றால் டிக்கெட்டில் பொதுவாக 4 மணி 10 நிமிடத்திலிருந்து 4 மணி 40 நிமிடம் வரை போட்டிருப்பார்கள். அதில் தரையை விட்டு எழும்பியதிலிருந்து தரை தொடும் வரை வானில் இருக்கும் நேரம் பெரும்பாலும் மூன்றரை முதல் நான்கு மணி நேரம். மீதி தரையில் ஊர்ந்து போகும் நேரமும், தாமதத்துக்கென்று விடும் இடைவெளியும்.

ராத்திரி 11:15-க்கு கிளம்பி காலைல 6 மணிக்கு சேரும்னு போட்டிருக்கு. ஆறே முக்கால் மணி நேரமா?

இல்லை. டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் இருக்கும். இது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட 2 மணி 30 நிமிடம் முன்னால் ஓடுகிறது. ஆகவே 6 மணி 45 நிமிடத்திலிருந்து 2 மணி 30 நிமிடத்தைக் கழியுங்கள். 4 மணி 15 நிமிடம் வரும். அதுதான் உண்மையான பயண நேரம்.

சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று சின்னதாக இருந்தால், மறுநாள் தேதியில் இறங்குகிறீர்கள் என்று பொருள். வெள்ளி இரவு 11:15 விமானத்தில் ஏறுகிறவரை அழைக்க வரும் உறவினர் சனிக்கிழமை காலையில் வர வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பும் விமானத்தில் குழப்பம் இன்னும் அதிகம். சனி 00:40 என்று இருந்தால், நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது வெள்ளிக்கிழமை இரவு. தேதியைத் தவறாகப் படித்து ஒரு நாள் கழித்து விமான நிலையத்துக்கு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது 8 மணிக்கு கிளம்பி 9:50-க்கு சென்னை. ரெண்டு மணி நேரத்துல எப்படி வர முடியும்?

முந்தைய பதிலில் கழித்ததை இங்கே கூட்ட வேண்டும். கடிகாரத்தில் தெரிவது 1 மணி 50 நிமிடம், அதோடு 2 மணி 30 நிமிடம் சேர்த்தால் 4 மணி 20 நிமிடம். கிழக்கே போகும்போது கழித்தல், மேற்கே வரும்போது கூட்டல்.

இந்த ரெண்டரை மணி நேர வித்தியாசம் வருஷம் முழுக்க ஒரே மாதிரியா இருக்குமா?

இருக்கும். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றும் பழக்கம் இல்லை. லண்டன் போகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். அங்கே குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் கோடையில் நாலரை மணி நேரமும் வித்தியாசம் வரும்.

பழைய ஆட்கள் "ரெண்டு மணி நேரம்தானே" என்று சொன்னால் அவர்களும் தவறாகச் சொல்லவில்லை. 1982 ஜனவரி 1-ஆம் தேதிதான் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியது. அதற்கு முன் வித்தியாசம் 2 மணி நேரம்தான்.

இதனால் இன்னொரு விளைவும் உண்டு. சூரியனை வைத்துப் பார்த்தால் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் சுமார் 1 மணி 35 நிமிட வித்தியாசம்தான், ஆனால் கடிகாரம் இரண்டரை மணி நேரம் காட்டுகிறது. எனவே சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் காலை 7 மணியை ஒட்டித்தான் விடியும். 6 மணிக்கு இறங்குகிறவர் ஜன்னலுக்கு வெளியே இருட்டாக இருப்பதைப் பார்த்து நேரம் தப்பாகிவிட்டதோ என்று பதற வேண்டாம்.

டிக்கெட்ல போட்டிருக்கிற நேரம் எதுல இருந்து எது வரைக்கும்?

கேட்டிலிருந்து கேட் வரை. கதவடைத்து, விமானம் நின்ற இடத்தைவிட்டு நகரத் தொடங்கும் கணம்தான் புறப்பாட்டு நேரம். போய்ச் சேர்ந்த ஊரில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும் கணம்தான் சேரும் நேரம். ரன்வேயில் சக்கரம் மேலெழும்புவது புறப்பாட்டு நேரம் இல்லை. 11:15 விமானம் 11:15-க்கு நகர்ந்து 11:35-க்கு எழும்பினால் அது சரியான நேரத்தில் புறப்பட்ட விமானமே.

இதிலிருந்து ஒன்று புரிந்துகொள்ளலாம். 11:15 என்பது நீங்கள் ஏறும் நேரமும் இல்லை. போர்டிங் அதற்கு 40 – 60 நிமிடம் முன்பே தொடங்கி, புறப்பாட்டுக்கு 15 – 20 நிமிடம் இருக்கும்போதே கேட்டை மூடிவிடுவார்கள்.

பைலட் மூணே முக்கால் மணி நேரம்னு அறிவிச்சார், டிக்கெட்ல நாலு மணி இருபது நிமிஷம். ஏன் இப்படி?

விமானி சொல்வது வானில் இருக்கும் நேரம். அன்றைய காற்று, அன்றைய பாதை, விமானத்தின் எடை எல்லாவற்றையும் வைத்து அன்றைக்கென்று போட்ட கணக்கு. டிக்கெட்டில் உள்ளது பல மாதங்களுக்கு முன்பே அட்டவணைக்காகப் போட்டது. அதில் இரண்டு ஊரிலும் தரையில் ஊரும் நேரம் 20 – 25 நிமிடமும், நெரிசலுக்கான இடைவெளி 10 – 15 நிமிடமும் சேர்ந்திருக்கும்.

அந்த இடைவெளியை நிறுவனங்கள் தெரிந்தே விடுகின்றன. அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் சரியான நேரத்தில் வந்ததாகக் கணக்கில் எழுதுவது இத்துறையின் வழக்கம். அட்டவணையை இறுக்கிப் போட்டால் சின்னத் தாமதம்கூட அதே விமானம் அடுத்துப் போக வேண்டிய பயணத்தைக் கெடுக்கும். எனவே இடைவெளி விடுவது பயணிக்கும் நல்லதுதான்.

நானே எந்த ஊருக்கும் பயண நேரத்தைக் கணக்குப் போட முடியுமா?

முடியும். தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து 800-ஆல் வகுத்து, அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்கு 2,920 ÷ 800 = 3.65, அதாவது 3 மணி 39 நிமிடம். அரை மணி சேர்த்தால் 4 மணி 9 நிமிடம். அட்டவணையோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது.

கொழும்பு சுமார் 650 கி.மீ., எனவே 49 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்து 1 மணி 19 நிமிடம். டெல்லிக்கு 2 மணி 42 நிமிடம். லண்டன் ஹீத்ரோ சுமார் 8,230 கி.மீ., கணக்குப்படி 10 மணி 47 நிமிடம். சின்ன ஊருக்கும் பெரிய தூரத்துக்கும் ஒரே சூத்திரம் பொருந்தக் காரணம் உண்டு. மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் விமானம் மெதுவாகத்தான் போகும், தரையிலும் ஊரும். இந்த நேர இழப்பு தூரம் எதுவானாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதற்குத்தான் அந்த அரை மணி நேரம்.

கவனம், இது ஜெட் விமானத்துக்கான கணக்கு. சென்னை – யாழ்ப்பாணம் சுமார் 355 கி.மீ.தான், ஆனால் அங்கே போவது விசிறி வைத்த ஏடிஆர் 72. அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ.யை ஒட்டி இருக்கும். 800-க்குப் பதில் 480-ஆல் வகுங்கள், 1 மணி 14 நிமிடம் வரும். ஏறக்குறைய பாதித் தூரத்தில் இருக்கும் பலாலிக்கும் (யாழ்ப்பாண விமான நிலையம்) கொழும்புக்கும் பயண நேரம் ஏன் ஒன்றுபோல் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

கிழக்கே போனா சீக்கிரம், மேற்கே வந்தா லேட்டுன்னு சொல்றாங்களே?

ஐரோப்பா, அமெரிக்கா பயணங்களுக்கு அது பெரும்பாலும் உண்மை. நடு அட்சரேகைகளில் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று, கிழக்கே போகிறவரைப் பின்னாலிருந்து தள்ளும், மேற்கே போகிறவரை எதிர்க்கும். சென்னையிலிருந்து லண்டன் போக ஆகும் நேரத்தைவிட, அங்கிருந்து திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை குறைவாகப் போட்டிருப்பது இதனால்தான்.

சென்னை – சிங்கப்பூர் பாதை வெப்ப மண்டலத்தில் இருக்கிறது, இங்கே கதை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று தரையில் மேற்கிலிருந்து வீசும்போது, உயரத்தில் அதற்கு நேரெதிராகக் கிழக்கிலிருந்து ஒரு பெருங்காற்று ஓடுகிறது. இதை வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று என்பார்கள். இந்திய வானிலையாளர் பி. கோடேஸ்வரம் 1958-இல் இதைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். கோடையில் திபெத் பீடபூமி சூடாகி, அதன் மேல் உயரத்தில் உருவாகும் உயர் அழுத்தத்தின் தெற்கு விளிம்பில் இந்தக் காற்று ஓடுகிறது. இது மிக வலுவாக இருப்பது தென்னிந்தியாவுக்கு மேலேதான். விமானம் பறக்கும் 11 – 12 கி.மீ. உயரத்திலும் பல நாட்களில் மணிக்கு 50 – 80 கி.மீ. வேகம் இருக்கும்.

எனவே ஜூலை, ஆகஸ்டில் சிங்கப்பூர் போகும்போது எதிர்க்காற்று, சென்னை திரும்பும்போது பின்காற்று. வழி முழுவதும் சராசரியாக 40 கி.மீ. காற்று என்று வையுங்கள். மணிக்கு 840 கி.மீ. வேகத்தில் போகும் விமானம் தரைக்கணக்கில் போகும்போது 800, வரும்போது 880 கி.மீ. வேகத்தில் நகரும். 3,000 கி.மீ.க்கு அது 3 மணி 45 நிமிடம், 3 மணி 25 நிமிடம். இருபது நிமிட வித்தியாசம். டிசம்பர், ஜனவரியில் இந்தப் பாதையில் காற்று அவ்வளவு பலமாக இருக்காது, போக வர ஏறக்குறைய ஒன்றுதான்.

பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுத்துதே, அப்போ மேற்கே வரும் விமானத்துக்கு ஊர் தானா கிட்ட வராதா?

வராது. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. மீனம்பாக்கத்தில் நிற்கும் விமானம்கூட பூமியோடு சேர்ந்து மணிக்கு 1,600 கி.மீ.க்கும் அதிகமான வேகத்தில் கிழக்கே நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. எழும்பிய பிறகும் அந்த வேகம் அதனிடம் இருக்கும். நேரத்தை மாற்றுவது முந்தைய பதிலில் சொன்ன காற்று மட்டுமே.

மேப்ல நேர்கோடு போட்டா வர்ற தூரமும் இந்தத் தூரமும் ஒண்ணுதானா?

இந்தப் பாதைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பூமத்திய ரேகைக்கு அருகில் தட்டையான வரைபடத்தின் நேர்கோடும் உருண்டையின் மேல் குறுகிய கோடும் அதிகம் விலகுவதில்லை. நடுவழியில் கால் டிகிரி அளவுக்கு, அதாவது 25 கி.மீ. போல வடக்கே வளையும், அவ்வளவுதான். வடக்கே போகப் போக வளைவு பெரிதாகும். சென்னை – லண்டன் பாதை வரைபடத்தில் வில்லாகத் தெரிவது அதனால். வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை இரண்டு ஊருக்கும் இடையே இழுத்துப் பிடித்துப் பாருங்கள், குறுகிய பாதை நேரடியாகத் தெரிந்துவிடும்.

ஃபிளைட்ரேடார்ல பார்த்தா 3,000 கிலோமீட்டருக்கு மேல பறந்திருக்கு. 2,920ன்னு சொன்னீங்களே?

2,920 என்பது குறுகிய கோட்டின் நீளம். விமானம் எந்த நாளும் சரியாக அந்தக் கோட்டின் மேல் பறக்காது. வானத்தில் பெயரும் எண்ணும் கொண்ட பாதைகள் உண்டு, வங்காள விரிகுடாவைக் கடக்கும் விமானங்கள் அவற்றில் வரிசையாகப் போகும். அதோடு புறப்படும் ரன்வே திசையிலிருந்து திரும்புவது, இறங்கும் முன் வரிசைக்காகச் சுற்றுவது, இடிமேகத்தை விலக்கிப் போவது எல்லாம் சேரும். 3 முதல் 5 சதவீதம் கூடுவது இயல்பு. 3,010 – 3,070 கி.மீ. காட்டினால் எதுவும் தவறில்லை.

உயரத்திலும் ஒழுங்கு உண்டு. கிழக்குப் பக்கம் போகிறவை 33,000, 35,000, 37,000 அடி என்று ஒற்றைப்படை ஆயிரங்களிலும், மேற்குப் பக்கம் போகிறவை 34,000, 36,000, 38,000 என்று இரட்டைப்படையிலும் பறக்கும். எதிரெதிரே வருகிறவை ஒரே உயரத்தில் சந்திக்காமல் இருக்கவே இந்த விதி. இருக்கைத் திரையில் உயரத்தைக் கவனித்தால் நீங்களே பார்க்கலாம்.

ஒரே விமானம், ஒரே நேரம். போன மாசம் 20 நிமிஷம் முன்னாடியே இறங்குச்சு, இப்போ லேட். ஏன்?

காற்றைப் பற்றி மேலே சொல்லிவிட்டோம். பலரும் கவனிக்காத இன்னொரு காரணம் ரன்வேயின் திசை. விமானம் எப்போதும் எதிர்க்காற்றைப் பார்த்துத்தான் ஏறும், இறங்கும். சென்னையின் பெரிய ரன்வே ஏறக்குறைய கிழக்கு மேற்காக இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கிழக்கு நோக்கி எழும்பும் விமானம் சில நிமிடங்களில் கடலுக்கு மேல் போய், அப்படியே சிங்கப்பூர் திசையில் சேர்ந்துகொள்ளும். தென்மேற்குப் பருவக்காற்று நாட்களில் மேற்கு நோக்கி எழும்பி, ஊரைச் சுற்றித் திரும்பிக் கடலுக்கு வர வேண்டும். பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்தால் ஒரே நாளில்கூட திசை மாறிவிடும்.

சாங்கியில் ரன்வேக்கள் ஏறக்குறைய வடக்கு தெற்காக இருக்கின்றன. நாம் போவது வடமேற்கிலிருந்து. தெற்கு நோக்கி இறங்கும் நாளில் மலேசியாவின் ஜொகூர் பக்கமிருந்து நேராக வந்து இறங்கிவிடலாம். வடகிழக்குக் காற்று வீசும் டிசம்பர் – மார்ச் மாதங்களில் வடக்கு நோக்கித்தான் இறங்க வேண்டும், அதற்குத் தீவைத் தாண்டித் தெற்கே கடலுக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். ஆகவே டிசம்பரில் சென்னையில் மிச்சம் பிடித்த நிமிடங்கள் சிங்கப்பூரில் செலவாகும். ஒவ்வொரு முனையிலும் 5 – 10 நிமிடம் இப்படி மாறும்.

பெரிய விமானத்துல போனா சீக்கிரம் போகலாமா?

கொஞ்சம். ஏ320, போயிங் 737 போன்றவை ஒலி வேகத்தில் சுமார் 78 சதவீதத்தில் பறக்கும், அதாவது மணிக்கு 830 – 850 கி.மீ. போயிங் 787, ஏ350 போன்ற பெரியவை 85 சதவீதத்தில், மணிக்கு 900 கி.மீ.யை ஒட்டிப் பறக்கும். மூவாயிரம் கி.மீ.க்கு 15 – 20 நிமிடம் மிச்சம். ஆனால் பெரிய விமானத்தில் ஏற, இறங்க, பெட்டி வர அதிக நேரம் ஆகும். இந்தத் தூரத்துக்கு நேரத்தை நினைத்து விமான வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், காலை நீட்ட இடம் வேண்டும் என்றால் பாருங்கள்.

திருச்சி, மதுரை, கோவைல இருந்து போனா தூரம் குறையுமா?

வரைபடத்தில் திருச்சியும் மதுரையும் தெற்கே இருப்பதால் கிட்டம் என்று தோன்றும், ஆனால் அவை மேற்கேயும் இருக்கின்றன. திருச்சி – சிங்கப்பூர் சுமார் 2,980 கி.மீ., மதுரை 3,010, கோவை 3,160. சென்னையைவிட எல்லாமே கூடுதல்தான். நேரத்தில் திருச்சிக்கும் மதுரைக்கும் 5 – 7 நிமிடம், கோவைக்குக் கால் மணி நேரம் கூடும்.

ஆனால் தஞ்சாவூரிலோ புதுக்கோட்டையிலோ இருப்பவர் இந்த ஐந்து நிமிடத்துக்காகச் சென்னை வரை வருவதில் பொருளே இல்லை. சாலையில் ஐந்தாறு மணி நேரம் போய்விடும். வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள், பக்கத்து விமான நிலையம்தான் எப்போதும் ஜெயிக்கும்.

கோலாலம்பூர் வழியா போற டிக்கெட் விலை குறைவு. ரொம்ப சுத்துப் பாதையா?

சுற்றே இல்லை. சென்னை – கோலாலம்பூர் சுமார் 2,630 கி.மீ., அங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 295 கி.மீ. மொத்தம் 2,925. முதல் பதிலில் சொன்னபடி நேர்கோடே அந்த விமான நிலையத்தின் பக்கமாகத்தான் போகிறது. கொழும்பு வழியாகப் போனால் 650 கி.மீ.யோடு 2,750 கி.மீ. சேர்ந்து 3,400, அதாவது சுமார் 480 கி.மீ. கூடுதல்.

தூரம் கூடாவிட்டாலும் நேரம் கூடும். இரண்டு முறை ஏறி இறங்குவதால் அந்த நிலையான அரை மணி நேரமும் இருமுறை வரும். 295 கி.மீ. பறப்பதற்கு அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பார்கள். அதோடு காத்திருப்பு. இரண்டு மணி நேர இடைவெளி உள்ள நல்ல இணைப்பு கிடைத்தாலும் பயணம் ஏழு மணி நேரத்தை நெருங்கும். விலை வித்தியாசம் அந்த நேரத்துக்குத் தகுமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். வயதானவர்கள் தனியாகப் போகிறார்கள் என்றால் நேரடி விமானமே நல்லது என்பது எங்கள் கருத்து.

அரை மணி நேரம் லேட்டா கிளம்பியும் சரியான நேரத்துக்கு போயிடுச்சு. வேகமா ஓட்டினாங்களா?

வேகத்தால் மிச்சம் பிடிப்பது மிகக் குறைவு. ஏ320-இன் வேகத்தை ஒலி வேகத்தின் 78 சதவீதத்திலிருந்து 80-க்கு உயர்த்தினால் இந்தப் பயணம் முழுவதற்கும் 5 நிமிடம்தான் கிடைக்கும், எரிபொருளோ கணிசமாகக் கூடும். அட்டவணையில் ஏற்கெனவே இருந்த இடைவெளி, சாதகமான காற்று, 'நேராக அந்தப் புள்ளிக்குப் போகலாம்' என்று கட்டுப்பாட்டு நிலையம் கொடுக்கும் குறுக்கு அனுமதி, இறங்கியதும் பக்கத்திலேயே கேட் கிடைப்பது என்று நான்கைந்து சேர்ந்துதான் அந்த அரை மணி திரும்பக் கிடைக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் வானில் ஈடுகட்ட முடியாது.

மழைக்காலத்துல டிக்கெட் போடலாமா? புயல் வந்தா என்ன ஆகும்?

சாதாரண மழையால் விமானம் நிற்பதில்லை. சிக்கல் இடிமேகத்தில்தான். இந்தப் பாதையில் அது 15 கி.மீ. உயரம் வரைகூட எழும்பும், விமானம் அதற்கு மேலே ஏறிப் போக முடியாது, பக்கவாட்டில் விலகித்தான் போகும். அதனால் சில நிமிடங்கள் கூடும். சிங்கப்பூரில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன், சுமத்ரா பக்கமிருந்து வரிசையாக வரும் மழைக்காற்று ஒன்று உண்டு. 'சுமத்ரா ஸ்குவால்' என்பார்கள். அது வரும் நேரத்தில் இறங்க வேண்டிய இரவு விமானங்கள் கால் மணி, அரை மணி வானில் வட்டமடித்துக் காத்திருக்கும். அதற்கான எரிபொருளும், வேறு ஊருக்குத் திரும்பிப் போவதற்கான எரிபொருளும் சட்டப்படி ஏற்றப்பட்டிருக்கும்.

சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவனம் தேவை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்று நீர் புகுந்து விமான நிலையம் பல நாட்கள் மூடப்பட்டது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலின்போதும் மூடப்பட்டது. சென்னைக்கு வரும் விமானங்கள் அப்படிப்பட்ட நாட்களில் பெரும்பாலும் பெங்களூருக்குத் திருப்பிவிடப்படும். இந்த மாதங்களில் திருமணம், விசா முடிவு, வேலையில் சேரும் நாள் என்று தள்ளிப்போட முடியாத காரியம் இருந்தால் இரண்டு நாள் முன்னதாக டிக்கெட் போடுங்கள்.

காலைல 10 மணிக்கு இன்டர்வியூ. 6 மணிக்கு இறங்குற விமானம் போதுமா?

எல்லாம் சரியாக நடந்தால் போதும். 6 மணிக்குக் கேட்டில் நின்றால், குடிநுழைவும் (இமிகிரேஷன்) பெட்டியும் முடிந்து வெளியே வர 7 மணி ஆகலாம். நகரத்துக்கு டாக்சியில் சுமார் அரை மணி நேரம், ரயிலில் முக்கால் மணி நேரத்துக்கு மேல். எட்டு மணிக்குள் போய்விடலாம். சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்பியிருக்க வேண்டும். வரிசையில் நின்றுகொண்டு நிரப்பினால் இந்தக் கணக்கு கெட்டுவிடும்.

தூக்கத்தையும் பாருங்கள். நாலேகால் மணி நேரத்தில் ஏறும் நேரம், சாப்பாடு, இறங்கும் அறிவிப்பு எல்லாம் கழித்தால் மிஞ்சுவது இரண்டரை மணி நேரத் தூக்கம். சிங்கப்பூர் 10 மணி என்பது உங்கள் உடம்புக்குக் காலை 7:30. முக்கியமான நேர்காணல் என்றால் முந்தின நாள் பகல் விமானத்தில் போங்கள்.

அப்பாவுக்கு ராத்திரி 9 மணிக்கு மாத்திரை. விமானத்துல எந்த நேரத்தைப் பார்த்துக் கொடுக்கறது?

போகும் நாள் முழுவதும் இந்திய நேரத்திலேயே ஒரு கடிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள், போன் தானாக மாறிவிடும். முந்தைய மாத்திரைக்கும் அடுத்ததுக்கும் எத்தனை மணி நேர இடைவெளி என்பதுதான் முக்கியம். இந்திய இரவு 9 என்பது சிங்கப்பூரில் 11:30. இரண்டரை மணி நேர மாற்றத்தைப் பெரும்பாலான மாத்திரைகள் தாங்கும், ஆனால் இன்சுலின், வலிப்பு மருந்து, ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து என்றால் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டு, நேரத்தைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துகள் கைப்பையில் இருக்கட்டும், சரக்குப் பெட்டியில் போட வேண்டாம்.

சிங்கப்பூர்ல இறங்கி வேற விமானம் மாறணும். எத்தனை மணி நேரம் விட்டுப் போடணும்?

இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், நிறுவனம் விற்கும் இணைப்பை நம்பலாம். தாமதமானால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் நேராகக் கடைசி ஊருக்குப் போகும். சாங்கியில் 1, 2, 3 முனையங்களுக்கு இடையே ரயில் ஓடுகிறது, நான்காவது முனையம் மட்டும் தனியாக இருப்பதால் பேருந்தில் போக வேண்டும். அந்த முனையத்தில் மாறுகிறவர்கள் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

தனித்தனி டிக்கெட் என்றால் நிலைமை வேறு. பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருந்தால் குடிநுழைவைக் கடந்து வெளியே வர வேண்டும், அதற்கு உங்களிடம் சிங்கப்பூருக்குள் நுழையும் அனுமதி இருக்க வேண்டும். அடுத்த நிறுவனத்தின் கவுன்ட்டர் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மேலே சொன்ன காற்று, ரன்வே, இடிமேகம் எல்லாவற்றுக்கும் இடம்விட்டு, குறைந்தது ஐந்து மணி நேரம் இடைவெளி வைத்துப் போடுங்கள். அக்டோபர் – டிசம்பரில் சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் ஒரு இரவு தங்கிப் போகும்படி போட்டுக்கொள்ளுங்கள்.